டீ ஆறிப்போச்சு என்று அங்கே பாடாதே

வியாசர்பாடி
18-8-2024

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறாள். கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் மேம்பால வேலை முடிந்தபாடில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறோம். மற்ற சேதியெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். போனில் உன்னோடு வாக்குவாதம் பண்ண முடியாது. "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அத்தை பொண்ணு இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்.

நீ அனுப்பிய பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதல் வரியைத் தாளமே இல்லாமல் இழுத்து நிறுத்தி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது டோலக்கை உள்ளே விட்டாய் பார், அது எனக்கே வராது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஆனால் சிங்கப்பூரில் நீங்கள் நடத்துகிற வயநாடு நிலச்சரிவு நிவாரண நிகழ்ச்சிக்கு அந்தப் பாட்டு வேண்டாம், தம்பி.

அது பெரியப்பா போன அன்றைக்கு ராத்திரி நான் கட்டியது. "பேசின் பிரிட்ஜு தாண்டிப் போன பெரியவரே, திரும்பி வாங்க, டீ ஆறிப்போச்சு." அந்த வரி வந்ததும் பெரியம்மாகூட அழுதுகொண்டே சிரித்தாள். ஏன் என்று உனக்கும் தெரியும். இப்போது நீ பெரியவரை எடுத்துவிட்டு, "மலை தாண்டிப் போன மக்களே, திரும்பி வாங்க, டீ ஆறிப்போச்சு" என்று போட்டிருக்கிறாய். வயநாட்டில் மண் சரிந்த முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஊர்? தேயிலைத் தோட்டத்து ஊர். கொழுந்து பறித்துப் பிழைத்தவர்களைப் பார்த்து டீ ஆறிப்போச்சு என்பாயா? பாடுகிறவனுக்குத் தோன்றாது. எதிரே உட்கார்ந்திருப்பவன் காதில் முதலில் அதுதான் விழும். கேரளாக்காரர்கள் நிறைய வருவார்கள் என்று நீதான் சொன்னாய். அவர்களுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துவிடாதே. நம் படம் அத்தனையும் பார்க்கிறவர்கள்.

இரண்டாவது சரணம் அதைவிட மோசம். "மண்ணுக்குள்ள நிம்மதியா தூங்கு ராசா." வயசாகிக் கட்டிலில் போனவருக்கு அது ஆறுதல். ஜூலை 30 அன்று விடியும் முன்னே, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே மலை இறங்கியிருக்கிறது. சாலியாற்றில் அடித்துக்கொண்டு போய் நிலம்பூர் பக்கம் உடல்களை எடுத்தார்கள். அவர்கள் வீட்டு ஆள் ஒருத்தர் அந்த அரங்கத்தில் இருந்தால் இந்த வரியை எப்படித் தாங்குவார்? யோசித்துப் பார்.

கானாவை மேடையில் பாடக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற கானா பாட்டுக் கோஷ்டி முதல் தடவை மேடை ஏறியபோது, கடைசி வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தோமே. நம்ம பாட்டை கோட்டு போட்டுக்கொண்டு பாடுகிறார்களே என்று எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மேடை தப்பில்லை. மரண கானா என்பது ஒரு ஆளுக்குக் கட்டுவது. அவர் பேர் வரும், தெரு வரும், எந்தக் கடையில் கணக்கு வைத்திருந்தார் என்பது வரும், பேரப் பிள்ளைகள் பேர் வரிசையாக வரும். அந்த வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால்தான் போவோம். கூப்பிடாத வீட்டில் உன் தாத்தா டோலக்கை உறையிலிருந்துகூட எடுத்ததில்லை.

நீ போனில் கேட்டாய்: "புத்துமலையில் பேர் தெரியாதவர்களை நம்பர் போட்டுப் புதைச்சாங்களேப்பா, அவங்களுக்கு யார் பாடுறது?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. டிவியில் நாங்களும் பார்த்தோம். மூன்று மதத்துக்காரரும் நின்று பிரார்த்தனை செய்தார்கள். டிஎன்ஏவுக்கு மாதிரி எடுத்துக்கொண்டு, கல்லில் வெறும் எண். நீ கேட்டது நியாயமான கேள்வி. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தோமே என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அதற்குப் பதில் பெரியப்பா பாட்டு கிடையாது. ஒருத்தருக்குத் தைத்த சட்டையைக் கொண்டுபோய் ஊருக்கே மாட்டப் பார்க்கிறாய். எண் போட்டவர்களுக்குச் செய்வதானால் வாயைத் திறக்காதே. விளக்கைக் குறைத்துவிட்டு டோலக்கை மட்டும் மெதுவாக வாசி, போதும்.

சுனாமிக்கு அப்புறம் காசிமேட்டு ஜனங்களைக் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள் இல்லையா, அங்கே சோறு போட வந்த ஒரு கோஷ்டி பாட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. யார் என்று இப்போது எதற்கு, நல்ல மனசோடுதான் வந்தார்கள். கடலே ஏன் விழுங்கினாய் என்று ஒரு பாட்டு. நல்ல குரல், உருகி உருகிப் பாடினான். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மடியில் குழந்தை, எழுந்து நின்று சொன்னது: "நைனா, அத்த நாங்க கண்ணால பாத்துட்டோம். வேற எதுனா பாடு." அந்தப் பையனுக்கு முகமே செத்துப்போய்விட்டது. அப்புறம் நம்ம செட்டு ஆட்கள் ரேஷன் கடை கியூவைப் பற்றி ஒரு பாட்டு எடுத்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் கேனை வைத்து இடம் பிடிக்கிற வரி வந்ததும் அந்த அம்மாதான் முதலில் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். நீ அப்போது சின்னப் பையன், என் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய்.

போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அப்படித்தான். வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை. எதிர்வீட்டு மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். யாராவது மழைப் பாட்டு எடுத்தால் அம்மா அடிக்கவே வந்திருப்பாள். பழைய டூயட்டாகப் பாடிப் பொழுதை ஓட்டினோம். கஷ்டப்பட்டவனுக்கு அவன் கஷ்டத்தையே திருப்பிப் பாடிக் காட்டாதே. இதை நான் போனிலும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

ஹார்பரில் என்னோடு வேலை பார்த்த ராயபுரம் சட்டைக்காரரை, அந்த ஆங்கிலோ இந்தியரை, உனக்கு ஞாபகம் இருக்கும், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவாரே. அவர் வீட்டில் வங்காளதேச நிவாரணத்துக்காக நடந்த பாட்டு நிகழ்ச்சியின் ரெக்கார்டு இருந்தது. மூன்று தட்டு, ஒரே பெட்டி. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க். சிதார் ரவிசங்கர் கேட்டுக்கொண்டார் என்று பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் நடத்தியது. ஆரம்பத்தில் ரவிசங்கர் கோஷ்டி சுருதி சேர்த்ததற்கே ஜனங்கள் கை தட்டிவிட்டார்கள். சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்கிற மாதிரி அவர் சிரித்துக்கொண்டே சொன்னதும் ரெக்கார்டில் இருக்கிறது. நண்பர் எனக்கு ஒவ்வொரு பாட்டாக அர்த்தம் சொன்னார். முக்கால்வாசி அவரவர் வழக்கமாகப் பாடுகிறதுதான். சூரியன் வந்தது, எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட ஒரு பாட்டு. வங்காளதேசம் என்று பேர் சொல்லிப் பாடியது கடைசிப் பாட்டில்தான். அதிலும் செத்தவர்களை வர்ணிக்கவில்லை. நண்பன் வந்து உதவி கேட்டான், நீங்களும் உதவுங்கள் என்றுதான் ஹாரிசன் பாடினார். நீயும் அந்த வரிசையை வைத்துக்கொள். முதலில் ஜனங்களைச் சிரிக்க வை, கடைசியில் ஒன்று நிறுத்தி நிதானமாகப் பாடு, உடனே உண்டியலை அனுப்பு. ரொம்ப அழவிட்டால் கை கண்ணைத் துடைக்கப் போகும், பைக்குள் போகாது.

உண்டியல் என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பணம் வசூலிக்க அங்கே அரசாங்கத்தில் அனுமதி வாங்க வேண்டுமே, வாங்கிவிட்டீர்களா? காகிதம் கையில் வராமல் ஒரு டிக்கெட்கூட விற்காதே. சிங்கப்பூரில் நம்ம ஊர் மாதிரி பேசித் தீர்க்க முடியாது.

அப்புறம் கோரஸ். நீ அனுப்பியதில் இரண்டாவது குரல் இல்லை. "ஆறிப்போச்சு, ஆறிப்போச்சு" என்று மேல் ஸ்தாயியில் மருமகள் எடுக்கும் இடத்தில் வெறும் டோலக் ஓடுகிறது. அவளுக்கு ஆபீஸில் அவ்வளவு வேலையா? போன தடவை வீடியோ காலிலும் பார்க்கவில்லை. குளிக்கிறாள் என்றாய், அதற்கு முந்தின தடவை கடைக்குப் போயிருக்கிறாள் என்றாய். சரி, இருக்கும். உனக்குப் பின்னால் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் தெரிந்தது. கண்ணாடி உடைந்துவிட்டதென்றால் படத்தை அனுப்பு, மின்ட் தெருவில் நல்ல பிரேம் போட்டுத் தருகிறார்கள். அம்மா ஆணியைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு மருமகளுக்கென்று பச்சைப் புடவை இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் வயசில் என்னை யாராவது கேட்டிருந்தால் எனக்கும் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வீட்டுச் சாவில் வாசித்தவன். பாடுகிறவன் யாருக்காகப் பாடுகிறான் என்பது டோலக்காரனுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். "திரும்பி வாங்க" என்று நீ இழுக்கிற இடத்தில் குரல் உடைகிறது. வயநாட்டில் உனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. இதற்குமேல் எழுதவில்லை.

மேடையில் அதைப் பாடினால் ஜனங்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நீ தனியாக ரூமுக்குப் போவாய். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடித்தான் ஆகணும் என்றால் இங்கே வந்து பாடு, நான் வாசிக்கிறேன். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. பெரியம்மா கண் ஆபரேஷனுக்கு நாலே நாளில் லீவு போட்டு வந்தவன்தானே நீ.

நிகழ்ச்சிக்கு வேறு பாட்டு வேண்டுமென்றால் இது எப்படி என்று பார். சூரல்மலையில் ராணுவம் 190 அடிக்கு இரும்புப் பாலம் போட்டதே, மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் ஆட்கள், ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் முடித்துவிட்டார்கள். அதை டிவியில் பார்த்தபோதே நாலு வரி வந்துவிட்டது.

"ஆத்துக்கு மேல பாலம் போட்டான்,
அக்கரையில ஆளிருக்கு,
இருட்டினாலும் கையக் குடு,
இக்கரையில சோறிருக்கு."

வேகமாகப் போகிற தாளம், சின்னக் குழந்தைகூடக் கூடப் பாடும். மூன்றாவது வரியில் உனக்கு இஷ்டமானதைப் போட்டுக்கொள். வயநாட்டுக்காரர் யாராவது அங்கே இருந்தால் முதலில் அவரிடம் பாடிக் காட்டு, அவர் முகம் சுளித்தால் இதையும் விட்டுவிடு. இரண்டு குரலுக்குத்தான் கட்டியிருக்கிறேன், ஒருத்தராகப் பாடினால் மூச்சு வாங்கும்.

வேளைக்குச் சாப்பிடு. இருமல் இருந்தால் டாக்டரிடம் போ, பாட்டில் ஓர் இடத்தில் கேட்டது. எதுவானாலும் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு போன் பண்ணுங்கள். அம்மா தூங்காமல் இருப்பாள், இரண்டு பேரில் யார் பண்ணினாலும் சரி.

இப்படிக்கு
அப்பா