பில் தேடலைச் சரிசெய்து கொடுத்த போஸ்ட்கிரெஸ் நண்பர்களுக்கு

வணக்கம்.

மருந்துக்கடை பில்கள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கின்றன. பில் தேடல் ஏன் இழுக்கிறது என்று உங்களிடம் கேட்டிருந்தேன். அந்தத் திரை இப்போது எண்ணைத் தட்டியதும் வந்துவிடுகிறது. கவுண்டரில் நிற்பவர்கள் முகம் சுளிப்பதில்லை. கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி. ஆனால் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக மனசில்லை. நீங்கள் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விகள்தான் வேலையை முடித்தன, அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வந்ததும் வராததுமாக "எந்த வெர்ஷன்?" என்று கேட்டவருக்கு முதல் நன்றி. சம்பிரதாயமாகக் கேட்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து, குவெரியின் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியின்) தொடக்கத்தில் பெயரிட்டு எழுதும் வித் பகுதி எளியதாக, ஒரே இடத்தில் பயன்பட்டால், போஸ்ட்கிரெஸ் அதை முழுக் குவெரியோடு சேர்த்தே திட்டமிடுகிறது. அதற்கு முன்பு தனியாக ஓட்டிவிடும். ஆகவே 11க்குச் சொல்லும் யோசனை 13க்குப் பொருந்தாமல் போகலாம். "லேட்டஸ்ட்தான்" என்ற பதிலை வைத்துக்கொண்டு யாரால் என்ன சொல்ல முடியும்?

டேபிள் அமைப்பை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காமல், டேபிளை உருவாக்கும் கட்டளையான கிரியேட் டேபிள் வரிகளாகவே கேட்டு வாங்கியவருக்கு அடுத்தது. வாடிக்கையாளர் பெயரோ போன் எண்ணோ அவருக்குத் தேவைப்படவில்லை. எண்களை வரிசையாக உருவாக்கித் தரும் ஜெனரேட் சீரிஸ் வைத்து 40 லட்சம் பொய் பில்களைத் தன் லேப்டாப்பிலேயே உருவாக்கிக்கொண்டார். பத்து வரி டேபிள் என்றால் போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸை (புத்தகத்தின் பின்னட்டவணை போல, வேண்டிய வரி எங்கே என்று காட்டுவதை) தொடவே தொடாது, முழுசாகப் படிப்பதே அதற்கு மலிவு. மாதிரியும் அசலின் அளவுக்கு இருந்தால்தான் நோய் தெரியும்.

அப்புறம், இந்தக் கதையின் நாயகர். போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் கையால் அடித்தால் குவெரி உடனே முடிகிறது, ஜாவா செயலியிலிருந்து போனால் இழுக்கிறது. இதைக் கேட்டதுமே ராம் கூட்டு, ஒர்க் மெம்மை (வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவக அளவை) ஏற்று என்று யோசனைகள் வந்தன. இவர் மட்டும், "நீங்கள் அடித்தது வேண்டாம், செயலி அனுப்பியதன் திட்டத்தைக் காட்டுங்கள்" என்றார். திட்டம் என்றால், குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று போஸ்ட்கிரெஸ் வகுப்பது. சர்வரை நிறுத்தாமல், புதிதாக வரும் இணைப்புகளுக்கு மட்டும் திட்டத்தைத் தானாகவே லாக்கில் எழுதும் ஆட்டோ எக்ஸ்பிளெயினை ஏற்றுவது எப்படி என்றும் எழுதினார். லாக்கில் வந்த திட்டத்தில் இண்டெக்ஸ் ஸ்கேன் இல்லை, டேபிள் முழுவதையும் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன். அதன் ஃபில்டர் வரியில் பில் எண் நெடுவரிசையின் பெயரை ஒட்டியே 'நியூமெரிக்' என்று இருந்தது. அவ்வளவுதான், விடை அந்த ஒரு வரியில் இருந்தது. நெடுவரிசை பிக்இண்ட் (முழு எண்), செயலி அனுப்பியது பிக்டெசிமல் (ஜாவாவின் தசம எண், போஸ்ட்கிரெஸில் அது நியூமெரிக்). இரண்டையும் ஒப்பிட போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரியின் பில் எண்ணையும் நியூமெரிக்காக மாற்றியது. பிக்இண்ட்டுக்குக் கட்டிய இண்டெக்ஸ் அங்கே உதவாது. ஜாவாவில் ஒரு வரி மாற்றி லாங் (முழு எண்) ஆக அனுப்பினோம், தீர்ந்தது. ராம் வாங்கியிருந்தால் பணம்தான் போயிருக்கும்.

திட்டத்தை நேரத்தோடு காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும், அப்டேட், டெலீட் என்றால் முதலில் பிகின் போட்டு, முடிவில் ரோல்பேக் கொடுத்து மாற்றத்தை ரத்து செய்துவிடுங்கள் என்று போகிற போக்கில் எச்சரித்தவருக்கும் நன்றி. அந்த ஒரு வாக்கியம் யாருடைய வேலையையோ காப்பாற்றும்.

எத்தனை பக்கம் படித்தது என்று காட்டும் பஃபர்ஸ் சேர்த்த திட்டத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த நண்பருக்கு ஒரு பாக்கி இருக்கிறது. இதோ: முன்பு ஒரு தேடலுக்கு ஹிட் (போஸ்ட்கிரெஸின் நினைவகத்தில் கிடைத்தது), ரீட் (அதற்கு வெளியிலிருந்து படித்தது) இரண்டும் சேர்த்து அரை லட்சம் பக்கத்துக்கும் மேல். இப்போது ஷேர்டு ஹிட் 4. இண்டெக்ஸில் மூன்று பக்கம், டேபிளில் ஒன்று.

அன்புடன்,
பில்லிங் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவன்