ஆரத்தி வீடியோவைப் பற்றி ஒரு தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ முகநூலில் போட்ட ஆரத்தி வீடியோவைப் பற்றி உன்னிடம் நேரில் பேசிவிட்டேன். "நான் பொதுவில்தான் எழுதினேன், பதில் இருந்தால் நீங்களும் பொதுவில் எழுதுங்க சார்" என்றாய். சரி, எழுதுகிறேன். உன் பெயரும் நம் பங்கின் (நம் கோயில் சபையின்) பெயரும் இதில் வராது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பங்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திருவிழாப் பூசையில், அப்பத்தையும் ரசத்தையும் ஒப்புக்கொடுத்துக் குருவானவர் சொல்லும் நற்கருணை மன்றாட்டு முடிகிற இடத்தில் சில பெண்கள் தீபத்தட்டோடு ஆரத்தி எடுத்தார்கள். அந்த வீடியோவை முகநூலில் போட்டு, "பீடத்தின் முன்னால் சிலை வழிபாடு, இவர்களெல்லாம் கத்தோலிக்கரா?" என்று எழுதினாய். நடுவில் நிற்கும் அக்காவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போகிறவர். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிடுபவர். அவரிடம் முகநூல் கிடையாது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் போன் பண்ணி, "அம்மா, உன்னைப் பத்தி என்னென்னமோ எழுதியிருக்காங்க" என்று அழுதபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. கீழே வந்த கமெண்டுகளை நான் படித்தேன். 'பேய் பிடித்தவள்' என்று எழுதியவரின் சொந்தப் படத்தில் கழுத்தில் ஜெபமாலை தொங்குகிறது. அதை நீ நீக்கவில்லை.

முதலில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆரத்தி அந்தப் பெண்களோ நம் பங்குச் சாமியாரோ கண்டுபிடித்தது இல்லை. இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டதை ஏற்று, 1969 ஏப்ரல் 25-ஆம் தேதி பூசையில் இந்திய முறைப்படி செய்யும் 12 அம்சங்களுக்கு வத்திக்கான் அனுமதி கொடுத்தது. கைகூப்பி வணங்குவது, தரையில் உட்காருவது, குத்துவிளக்கு ஏற்றுவது எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. காணிக்கையின்போதும் நற்கருணை மன்றாட்டின் முடிவிலும் பூ, தூபம், தீபம் கொண்டு ஆரத்தி எடுப்பதும் அதில் இருக்கிறது. உனக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். பூசையின் அமைதியை அது கலைக்கிறது என்று நீ வாதாடலாம், அந்த வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்க நான் தயார். ஆனால் திருச்சபை அனுமதித்த ஒன்றைச் செய்த பெண்ணைக் கத்தோலிக்கர் இல்லை என்று சொல்லும் அதிகாரத்தை உனக்கு யாரும் கொடுக்கவில்லை.

இதே சண்டை நம் தமிழ் மண்ணில் நானூறு வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. தத்துவ போதகர் என்று நாம் சொல்லும் இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், சந்தனம் பூசினார், பூணூலும் குடுமியும் கிறிஸ்தவனுக்கு ஆகாதவை அல்ல என்றார். அவரை எதிர்த்தவர் வேறு மதத்துக்காரர் இல்லை. அதே மதுரையில் அவருக்கு முன்பிருந்தே ஊழியம் செய்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சக இயேசு சபைக்காரர். இது கலப்பட மதம் என்பது அவர் கட்சி. நொபிலி செய்தது எல்லாமே சரி என்று நானும் சொல்ல மாட்டேன். சாதிக்கு அவர் கொடுத்த இடத்தால் வந்த வலி இன்றும் நம் பங்குகளில் இருக்கிறது. நான் காட்ட வருவது சண்டை நடந்த விதத்தை. பெர்னாண்டஸ் தன் குற்றச்சாட்டை மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1610-ல் நொபிலி அதற்கு வரிக்கு வரி பதில் எழுதினார். 1619-ல் கோவாவில் திருச்சபைப் பெரியவர்கள் கூடிப் பேசியபோது பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராக நின்றார்கள். கடைசியில் 1623 ஜனவரி 31-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளோடு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதே வருஷம்தான் நொபிலி சேந்தமங்கலம், சேலம் என்று நம் பக்கத்துக்கு வந்தார். அந்தச் சேலம் மறைமாவட்டத்திலிருந்துதான் 1997-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்குமாக நம் மறைமாவட்டம் பிரிந்தது. பல வருஷம் நீண்ட, கசப்பான சண்டைதான் அது, இருவரும் கடுமையாகத்தான் எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் தீர்த்துவைக்க வேண்டியவர்களிடம் கொண்டுபோனார்கள். உன் வழக்கை நீ யாரிடம் கொண்டுபோனாய்? பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீயே சொன்னாய்.

மத்தேயு 18-ஆம் அதிகாரம் உனக்கு மனப்பாடம், மறைக்கல்வி வகுப்பில் நான் ஒப்பிக்கச் சொன்ன பகுதி அது. சகோதரர் தவறினால் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப்போ. அதற்கும் அசையாவிட்டால் திருச்சபையிடம் சொல். ஆண்டவர் வரிசை போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். நீ முதல் இரண்டு படியையும் தாண்டிவிட்டாய். மூன்றாவதில் திருச்சபை இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத ஆயிரம் பேரை உட்காரவைத்திருக்கிறாய்.

"உண்மையைத்தானே சொன்னேன்" என்றாய். அந்த அக்கா விஷயத்தில் அது உண்மையே இல்லை. ஒரு பேச்சுக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2477-ஆம் எண்ணை எடுத்துப் பார். தகுந்த ஆதாரமில்லாமல் அடுத்தவர் குற்றவாளி என்று மனதில் முடிவுகட்டுவது பாவம். பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது பாவம். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது: ஒருவரிடம் உண்மையாகவே இருக்கும் குறையை, சரியான காரணம் இல்லாமல், அது தெரியாதவர்களிடம் சொல்வது. அதுவும் பாவம்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல் எழுதிய திருத்தூது அறிவுரை மடலில், 115-ஆம் எண்ணில், இணையத்தில் வார்த்தையால் அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் கிறிஸ்தவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள் என்று வெளிப்படையாகவே வருத்தப்படுகிறார். கத்தோலிக்க ஊடகங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மற்றக் கட்டளைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை அடியோடு விட்டுவிடுகிறார்கள் என்கிறார். திருத்தந்தை லியோவும் 2025 மே 8-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாலாம் நாளே பத்திரிகையாளர்களைச் சந்தித்து, வார்த்தைகளின் ஆயுதத்தைக் களைவோம் என்று கேட்டுக்கொண்டார்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். முழந்தாளிட்டு நாவில் நற்கருணை வாங்குவதற்காக உன்னைப் 'பரிசேயன்' என்றும் 'லத்தீன் பைத்தியம்' என்றும் எழுதினார்கள். அதுவும் அநியாயம்தான். நாவில் வாங்குவது விசுவாசிகளின் உரிமை என்று 2004-லும் ரோமிலிருந்து தெளிவாகச் சொன்னார்கள். உன்னைக் கிண்டல் செய்தவர்களில் எனக்குத் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகப் பேசினேன். ஒருவர் நீக்கிவிட்டார்.

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. உன் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். 2021-ல் பழைய லத்தீன் பூசைக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு அமெரிக்காவில் நடக்கும் சண்டை வீடியோக்களை ராத்திரி ஒரு மணிவரை பார்க்கிறாய். அங்கே அவர்களுக்கு உண்மையான வருத்தங்கள் இருக்கலாம், தங்கள் பூசை போய்விட்டதே என்று கலங்கும் குடும்பங்கள் இருக்கலாம். நம் இரண்டு மாவட்டத்திலும் அந்தச் சண்டைக்கு வேர் கிடையாது. அவர்கள் கோபத்தை இங்கே கொண்டுவந்து, உன் தங்கை புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்று அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட பெண்மேல் இறக்கியிருக்கிறாய். நாம் இங்கே சின்னக் கூட்டம், தம்பி. வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்க வருகிறவர்களும் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் சொல்ல வருகிறவர்களும் இதே முப்பது நாற்பது குடும்பம்தான்.

இப்போது செய்ய வேண்டியது. வீடியோவை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது. மறைக்கல்வி நூல் 2487-ஆம் எண், மன்னிப்புக் கிடைத்தபிறகும் கெடுத்த பெயருக்கு ஈடு செய்யும் கடமை உண்டு என்கிறது. எழுதிய அதே பக்கத்தில், ஆரத்திக்கு அனுமதி இருப்பதையும் நீ எழுதியது தவறு என்பதையும் எழுது. அப்புறம் அந்த அக்கா வீட்டுக்குப் போ. மகள் சனிக்கிழமை ஓசூரிலிருந்து வருகிறாள், அவளும் இருக்கும்போது போவது நல்லது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குப் போன் பண்ணு, நானும் வருகிறேன். ஆரத்தி வேண்டாம் என்றுதான் அதற்குப் பிறகும் உனக்குத் தோன்றினால், ஆயருக்குக் கடிதம் எழுது. உன் வாதத்தை ஒழுங்காக எழுதிக்கொடுக்க நானே உட்கார்ந்து உதவுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய மறைக்கல்வி ஆசிரியர்