கயிறு தொங்குது, இழுக்கத்தான் பயமா இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மேனேஜருங்க அடிக்கடி சொல்றது ஒண்ணு உண்டு, 'நம்ம ஆளுங்க பெரியவங்க முன்னாடி வாய தொறக்க மாட்டாங்க, அது நம்ம கல்ச்சர், தப்ப பாத்த தொழிலாளியே சொல்லி லைன நிறுத்தலாம்ங்கற ஜப்பான்காரன் முறை இங்க எடுபடாது'ன்னு. அதுல பாதி நெஜம்தான். ஹாஃப்ஸ்டெட்ங்கற டச்சுக்கார ஆய்வாளர், ஐபிஎம் ஊழியர்கள்ட்ட 1967லேர்ந்து 1973 வரை எடுத்த சர்வேய வச்சு, மேல இருக்குறவங்க அதிகாரத்த கீழ இருக்குறவங்க எவ்ளோ சகஜமா ஏத்துக்கறாங்கன்னு நாடு நாடா மார்க் போட்டாரு, அதுல அமெரிக்காவுக்கு 40, இந்தியாவுக்கு 77. எங்க ஃப்ளோர்லயும் பாக்குறேனே, மீட்டிங்ல 'யாருக்காவது டவுட் இருக்கா'ன்னு கேட்டா அத்தன பேரும் தரைய பாப்பாங்க, டீ டைம்ல அதே பசங்க எந்த மெஷின்ல என்ன கோளாறுன்னு புட்டுப் புட்டு வைப்பாங்க.

ஆனா எல்லாப் பழியையும் கல்ச்சர் மேல போடுறத என்னால ஒத்துக்க முடியல. கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ங்கற ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கார் ஃபேக்டரிய 1982ல இழுத்து மூடுனாங்க, ஆப்சென்ட், சண்டைன்னு அவ்ளோ கெட்ட பேரு. 1984ல டொயோட்டாவோட கூட்டு சேந்து 'நும்மி'ங்கற பேருல திரும்ப தொறந்தப்போ எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆளுங்க, அதே யூனியன். தப்பு கண்ணுல பட்டா லைன் பக்கத்துல தொங்குற கயிற யாரு வேணா இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வந்து உதவணும், அப்பவும் சரியாகலேன்னா லைனே நிக்கும். 1980கள் கடைசியில விற்பனை படுத்தப்போ கூட யாரையும் வீட்டுக்கு அனுப்பாம ட்ரெய்னிங்ல உக்கார வச்சாங்க. இதே முறைய ஜிஎம் அதே மாநிலத்துல வான் நைஸ் ஃபேக்டரிக்கு கொண்டு போனப்போ அங்க எடுபடல, ஒரே நாடுதானே ரெண்டும்?

இங்கயும் கயிறு தொங்குது, லைட்டும் எரியுது. இழுத்தா முதல்ல வர்ற சத்தம் 'எவன்டா லைன நிறுத்துனது?'. இழுத்தவன் காண்ட்ராக்ட் பையன், அடுத்த மாசம் கேட் பாஸ் புதுப்பிப்பாங்களான்னே அவனுக்கு தெரியாது, எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் அந்த எடத்துல வாய மூடிட்டுத்தான் இருப்பான்.

பெரியவங்களுக்கு குடுக்குற மரியாதைய யாரும் விடவேண்டாம். நூறு பேர் முன்னாடி கைய தூக்க சொல்லாம, ஷிஃப்ட் முடியுறப்போ அவங்கவங்க லைன் லீடர் தனியா உக்காந்து கேட்டாலே பாதி விஷயம் வெளிய வந்துடும். தப்ப சொன்னவன் பேரு காண்ட்ராக்டர் காதுக்கு போகாதுன்னு கம்பெனி எழுத்துல உறுதி குடுக்கட்டும், அப்புறமும் பசங்க பேசலேன்னா அப்ப வந்து கல்ச்சர்னு சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு தொழிற்சாலை ஊழியர்,
ஸ்ரீபெரும்புதூர்