தும்பி பறந்த குளமும் தும்பி பிறந்த குளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதும் நீர்நிலைகளில் கண்ட தும்பிகளைப் பற்றித் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவரும் குறிப்புகளை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். அவை பிற்கால ஆய்வுக்கும் பயன்பட வேண்டுமானால், ஒரு குளத்தின்மேல் பறந்த தும்பியையும் அந்தக் குளத்திலேயே பிறந்த தும்பியையும் பிரித்து எழுதுவது அவசியம்.

மழையை ஒட்டி வெட்டவெளியில் கூட்டங்கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் நிறத் தட்டான்களில் பெரும்பாலானவை பன்டாலா ஃபிளாவசென்ஸ் என்னும் வலசைத் தும்பிகள். ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் இவை மாலத்தீவுக்கு வந்து சேர்வதைக் கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை இவை செல்வதாக 2009-இல் எழுதினார். மழைநீர் தேங்கிய குட்டையே இவை பெருகப் போதுமானது என்பதால், இவற்றின் கூட்டத்தை வைத்து ஓர் ஏரியின் நலத்தைக் கணிக்க இயலாது. கழிவு கலந்த நீரிலும் செழித்து வாழும் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா போன்ற இனங்கள் இருக்கையில், தும்பி இருந்தால் தண்ணீர் தூய்மையானது என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் சரியன்று.

இறக்கைகளை முதுகின்மேல் மடக்கி அமரும் ஊசித்தட்டான்களில் பல, கரையோரச் செடிகளை விட்டு அதிகத் தொலைவு போவதில்லை. ஆகவே அந்த நீர்நிலையைப் பற்றி அவை கூடுதலாகச் சொல்லும். ஆனால் எல்லாவற்றிலும் உறுதியான சான்று, இளம்புழு நீரிலிருந்து ஏறித் தும்பியாக மாறும்போது உரித்துவிட்டுச் செல்லும் தோல்கூடுதான். விடியற்காலையில் கோரைத் தண்டுகளைக் கூர்ந்து பார்த்தால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஆறு கால்களாலும் தண்டை இறுகப் பற்றியபடி, முதுகு பிளந்து, பிளவில் மூச்சுக்குழல்களின் வெண்ணிற இழைகள் தெரிய அது ஒட்டிக்கொண்டிருக்கும். தூர்வாரும்போது கரையில் ஒரு தண்டைக்கூட விடாமல் மழித்துவிடுகிறவர்கள், தும்பிகள் ஏறிவர இருக்கும் இந்தப் படிகளையும் சேர்த்தே அகற்றிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

எனவே, குறிப்பு அனுப்பும் வாசகர்களிடம் தேதி, இடம் ஆகியவற்றுடன், இணைகள் முட்டையிட்டனவா, தோல்கூடு கிடைத்ததா என்ற விவரங்களையும், தேடியும் எதுவுமே தென்படாத மாதங்களையும் கேட்டுப் பெற்று வெளியிடுமாறு தங்களை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்