மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் படிக்கப்படாத இரண்டு வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஹார்மோன்களையும் புற்றுநோயையும் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மார்பகப் புற்றுநோயையும் புரோஸ்டேட் புற்றுநோயையும் ஒன்றாக வைத்துப் பேசியது பொருத்தமே. ஆனால், பிராய்லர் கோழிக்கு இரண்டு பத்திகளை ஒதுக்கிய கட்டுரையாளர், ஹார்மோன் ஏற்பிகளை ஒரே வாக்கியத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஆண், பெண் இருபாலரும் ஏற்பிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அவர் கூறும் அறிவுரையும் பாதிதான் சரி. திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்காமல் போனவற்றை எழுதுகிறேன்.

ஈஸ்ட்ரோஜன் எல்லாப் பெண்களின் இரத்தத்திலும் ஓடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் எல்லா ஆண்களின் இரத்தத்திலும் ஓடுகிறது. இவை ஓடுவதாலேயே எந்த உயிரணுவும் பெருகிவிடுவதில்லை. உயிரணுவுக்குள், பெரும்பாலும் அதன் உட்கருவில், அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இருக்க வேண்டும். அதுவே ஏற்பி. ஹார்மோனைப் பற்றிக்கொண்ட ஏற்பி மரபணுக்களின் மீது அமர்ந்து சிலவற்றை இயக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. மார்பகத்தில் பால் சுரப்பிகள் வளர்வதும், பருவ வயதில் புரோஸ்டேட் சுரப்பி வளர்வதும் இப்படித்தான். புற்றாக மாறிய பின்னும் அந்த உயிரணு ஏற்பியைக் கைவிடாமல் வைத்திருந்தால், அதன் பெருக்கம் ஹார்மோனை நம்பியே நடக்கிறது. ஆகவே ஒரு கட்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, உடலில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதன்று. கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்பதே.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மருத்துவ உலகுக்கே நெடுங்காலம் பிடித்தது. 1896ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டிகள் சுருங்கக் கண்டதாக எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்றொரு பொருள் பிரித்தெடுக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை அகற்றினால் பால் வற்றாது என்ற மாட்டுப் பண்ணையாளர்களின் அனுபவ அறிவும் அவருடைய சிந்தனைக்கு ஒரு தூண்டுதலாக இருந்தது. ஆனால் இந்தச் சிகிச்சை ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு மட்டுமே பலித்தது. ஏனைய இருவர் சூலகத்தை வீணாக இழந்தனர். யாருக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வழி பிறந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதை 1950களின் இறுதியில் கண்ட பிறகுதான். 1970களின் தொடக்கத்தில், ஏற்பி இல்லாத மார்பகக் கட்டிகள் ஹார்மோனை அகற்றும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் மசிவதில்லை என்பதை அவரே காட்டினார்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் டமாக்சிஃபென் என்ற மருந்து மருத்துவமனைக்குள் வந்தது. 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இந்தப் பொருளைக் கருத்தடை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்றே முதலில் எண்ணினார்கள். அது அதற்கு உதவவில்லை. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும் இயல்பே பின்னர் அதன் பயனாயிற்று. ஏற்பி உள்ள தொடக்க நிலை நோயில், ஐந்து ஆண்டுகள் இதை உட்கொண்டால், தொடங்கியதிலிருந்து பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பதைப் பல நாடுகளின் சோதனை முடிவுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏற்பி இல்லாதவர்களுக்கு இதனால் பயனில்லை. தினமும் 20 மில்லிகிராம், சில ரூபாய் விலையில் ஒரு மாத்திரை: புற்றுநோய் மருந்துகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிர்களைக் காத்த வேறொன்றை விரல்விட்டுத்தான் எண்ண வேண்டும். இலட்சக்கணக்கில் விலை போகும் புதிய ஊசிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதும் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

இந்த மாத்திரை ஒருவருக்கு எழுதப்படுமா, படாதா என்பதை முடிவு செய்பவை, திசு அறிக்கையின் கடைசிப் பகுதியில் ஈ.ஆர்., பி.ஆர். என்று தொடங்கும் இரண்டு வரிகள்தாம். முதலாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, இரண்டாவது, மற்றொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் ஏற்பி. அந்த வரிகள் பிழையானால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று கனடாவில் உண்டு. அந்நாட்டின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் மாகாணத்தில், ஏற்பி இல்லை என்று அறிக்கை பெற்றிருந்த ஒரு பெண்ணின் திசுவை 2005இல் மறுபடியும் சோதித்தபோது ஏற்பி இருப்பது தெரியவந்தது. அதைத் தொடர்ந்து, 1997 முதல் 2005 வரை அங்கே செய்யப்பட்ட சோதனைகளின் மாதிரிகளை டொரண்டோ நகருக்கு அனுப்பி மீளாய்வு செய்ததில், ஏறத்தாழ 400 நோயாளிகளுக்குத் தவறான முடிவு தரப்பட்டிருந்தது வெளிப்பட்டது. டமாக்சிஃபென் பெற்றிருக்க வேண்டிய பெண்கள் அதைப் பெறாமலேயே ஆண்டுகளைக் கடத்தியிருந்தனர். மீளாய்வு முடிவு வருவதற்குள் இறந்துபோனவர்களும் அவர்களில் உண்டு. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அளித்த அறிக்கை, தரக் கட்டுப்பாடு இல்லாமையையும் திசுவைப் பதப்படுத்துவதில் இருந்த குறைகளையும் விரிவாக எடுத்துரைத்தது. செல்வமும் பொது மருத்துவமும் உள்ள நாட்டிலேயே இப்படி நடந்தது.

நம் ஊரில் கோளாறு பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வெளியேதான் தொடங்குகிறது. அறுத்தெடுக்கப்பட்ட கட்டியை ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் பத்து விழுக்காட்டு ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். அதில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச நெறிமுறை. ஃபார்மலின் திசுவுக்குள் மெல்லத்தான் ஊடுருவும். முழு மார்பகத்தையும் குறுக்கே வெட்டித் திறக்காமல் ஒரு சிறிய டப்பாவில் திணித்து, மேலே கொஞ்சம் கரைசலை ஊற்றி, வெள்ளிக்கிழமை மாலையில் ஓரமாக வைத்துவிட்டால், திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வரும்போது வெளிப்புறம் விறைத்தும் உட்புறம் அழுகியும் இருக்கும். அழுகிய திசுவில் ஏற்பிப் புரதம் சிதைந்துபோகும். எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரத்தில் ஏற்பியைக் காட்டும் சாயத்தை ஏற்றினாலும், அந்தத் திசுவின் சீவலைத் தாங்கிய கண்ணாடிச் சிலைடு 'இல்லை' என்றே சொல்லும். சிலைடைப் பார்ப்பவருக்கும் இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. கட்டியை ஒட்டியுள்ள சாதாரணப் பால் நாளங்களின் உயிரணுக்கள் சிலவாவது சாயத்தை ஏற்றிருக்க வேண்டும். அவையும் வெறுமையாக இருந்தால், ஏற்பி இல்லை என்று எழுதாமல் சோதனையே செல்லாது என்று எழுத வேண்டும். அறுவைக்கு முன் ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கு உடனே ஃபார்மலினில் விழுவதால், ஏற்பிச் சோதனைக்கு அதுவே நம்பகமானது என்பது என் கருத்து.

இந்தியப் பெண்களிடம் ஏற்பி உள்ள கட்டிகளின் விகிதம் மேலை நாடுகளைவிடக் குறைவு என்று நம் நாட்டு ஆய்வுகள் பல கூறியுள்ளன. இங்கே நோயாளிகளின் வயது குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தக் குறைவில் ஒரு பகுதி ஃபார்மலின் டப்பாவில் நேர்ந்தது என்ற ஐயம் எங்கள் துறையினருக்கு உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியின் உயிரணுக்களில் நூற்றில் ஒன்று சாயம் ஏற்றாலே ஏற்பி உள்ளதாகக் கொள்ள வேண்டும் என்று 2010இல் அமெரிக்க வல்லுநர் குழு வரையறுத்தது. அதற்கு முன் பல ஆய்வகங்கள் பத்து விழுக்காட்டை எல்லையாகக் கொண்டிருந்தன. எனவே விழுக்காட்டைக் குறிப்பிடாமல் 'நெகட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் தரும் அறிக்கையை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஏற்பி உள்ளது என்று தெரிந்து மாத்திரை தொடங்கிய பிறகு, அதை இடையில் நிறுத்திவிடுவோர் பலர். ஹார்மோனால் வந்த நோய்க்கு ஹார்மோன் மாத்திரையா என்று உறவினர் ஒருவர் கேட்டுவிட்டால் போதும். டமாக்சிஃபென் ஹார்மோன் அன்று, ஹார்மோனைத் தடுப்பது என்பதை முதல் நாளே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். உடல் திடீரெனக் கொதிப்பதும் வியர்ப்பதும் உண்மை. கருப்பையில் இதே மருந்து ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்வதால், மாதவிடாய் நின்றவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்று வரும் வாய்ப்பு சிறிது கூடுவதும் உண்மை. அவர்கள் உதிரப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாற்று மருந்துகளும் உண்டு. அவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுப்பவை. மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் அவற்றின் குறை.

இனி, கட்டுரையாளர் பிழைபட்ட இடத்துக்கு வருகிறேன். புரோஸ்டேட் புற்றுநோயில் சிகிச்சையை முடிவு செய்வதற்காக ஏற்பிச் சோதனை செய்யும் வழக்கம் இல்லை. ஏனெனில் ஏறத்தாழ எல்லாப் புரோஸ்டேட் கட்டிகளிலும், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை (ஆண்ட்ரோஜன்) பற்றிக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது. புரோஸ்டேட் நோயை அறிய இரத்தத்தில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ. என்ற புரதமே அந்த ஏற்பியின் ஆணையால் உருவாவதுதான். பரவிய நோயில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது பயன் தரும் என்பதைச் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் நிறுவினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். விரைகளை அகற்றுதல், அல்லது மாதம்தோறுமோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ போடும் ஊசி என இரு வழிகளும் இன்றும் நடைமுறையில் உள்ளன. செலவைக் கருதினால் ஒரே முறை செய்யும் சிறு அறுவையே ஏழைக்கு ஏற்றது. ஆனால் நம் ஆண்கள் கடன் வாங்கியாவது ஊசியையே நாடுகிறார்கள். அந்தக் கூச்சத்தை நான் குறை சொல்லவில்லை, செலவை மருத்துவர் முன்னரே விளக்கிவிட வேண்டும் என்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் அடங்கிய பிறகும் சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைதூக்கும்போது ஹார்மோன் சிகிச்சை தோற்றுவிட்டது என்று கருதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்போதும் ஏற்பிதான் நோயை இயக்குகிறது: தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டோ, உருமாறியோ, கட்டிக்குள்ளேயே உருவாகும் சிறிதளவு ஆண்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டோ. அபிராட்டிரோன், என்சலூட்டமைட் ஆகிய மருந்துகள் அந்த நிலையிலும் பயன் தருவதற்கு அதுவே காரணம்.

ஆனால் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். நூறு மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஒருவர் ஆண். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும் என்பதால், ஆண்களில் அவர்களுக்கு மட்டும் அந்தச் சோதனை கட்டாயம் தேவை.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அறுவை அரங்கிலிருந்து வரும் ஒவ்வொரு மார்பகத் திசுவின் டப்பாவிலும், கட்டியை உடலிலிருந்து எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் இட்ட நேரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். இதற்கு ஒரு பேனாவுக்கு மேல் செலவில்லை. நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் ஒரு தகவல்: திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்' பல ஆண்டுகள் கெடாது. ஏற்பி இல்லை என்ற முடிவில் மருத்துவருக்கு ஐயம் இருந்தால், அந்தப் பிளாக்கை எழுத்து மூலம் கேட்டுப் பெற்று வேறோர் ஆய்வகத்தில் மறுசோதனை செய்துகொள்ளலாம். இதற்காக மீண்டும் கத்தி வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.