வாயு என்று நீயே முடிவு செய்யாதே

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேரன் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். கிணற்றில் தண்ணீர் மேலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மனசு குளிர்ந்தது. இங்கே திருநகரில் எல்லோரும் நலம்.

மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். "பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறினால் பாதியில் நெஞ்சைப் பிடிக்குது, கொஞ்சம் நின்னா விட்டுருது, வாயுதான்." அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. போனில் சொன்னால் "சரி, சரி" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதி, தம்பி மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

செக்கானூரணி அக்காவுக்கு மாசி மாதம் உடம்பு சரியில்லாமல் போனது என்று மட்டும்தானே உன்னிடம் சொன்னேன்? என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி பக்கத்துத் தெருவில் கிடா வெட்டு, கறிச்சாப்பாடு. விடியற்காலை நாலரை மணிக்கு அக்கா எழுந்து உட்கார்ந்திருக்கிறது. மேல்வயிற்றைப் பிசைகிறது, தாடை கடுக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்வை. அதுவும் மின்விசிறிக்குக் கீழே, மாசிப் பனியில். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், அப்புறம் சோடா கொடுத்தார்கள். ஐந்தரைக்கு மருமகன் எனக்குப் போன் செய்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கறி செரிக்கலடா, இஞ்சி தட்டிப் போட்டுக் குடு, சரியாயிரும்." அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

ஏழு மணிக்குப் படுக்கவே முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தவுடனே மாரடைப்பு என்று சொல்லி, அங்கேயே மாத்திரைகளைக் கொடுத்துவிட்டார்கள். 2023-இல் அரசு ஆரம்பித்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் அந்த மாத்திரைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேரே பெரியாஸ்பத்திரி. அடைப்பு எங்கே என்று படமெடுத்துப் பார்க்கிற ஆஞ்சியோ, அடைத்த குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட். அக்கா பிழைத்துக்கொண்டது. ஆனால் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்ப் வேலை 40 சதவீதம்தான் காட்டுகிறது. 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம். படிக்கும் காலத்தில் நமக்கு அண்டா நிறையக் குழம்பு வைத்து இறக்கின கை, இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுகிறது. ரத்தக்குழாய் அடைத்த நிமிஷத்திலிருந்து இதயத்தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும், செத்த தசை திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். ஓமத்தண்ணீரிலும் இஞ்சியிலும் போன இரண்டரை மணி நேரம் அது.

ஏன் நெஞ்சு வலிக்கவில்லை என்று கேட்டேன். பல வருஷச் சர்க்கரையில் கால் மரத்துப்போவதுபோல, இதயத்தின் வலியைச் சொல்கிற நரம்பும் மங்கிவிடுமாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும்கூட வெறும் களைப்பு, மூச்சிரைப்பு, வாந்தி என்று வரலாமாம். தாடையும் இடது கையும் ஏன் வலிக்கிறது என்றால், அந்த நரம்புகளும் இதயத்து நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. எங்கிருந்து வருகிற வலி என்று மூளைக்குப் பிரித்துத் தெரிவதில்லை.

இப்போது உன் விஷயம். ஏறினால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. வாயுவுக்கு மலை ஏறுவதும் நிற்பதும் தெரியாது, மாப்ள. பாதி தூர்ந்துபோன மடையை நீ பார்த்திருக்கிறாய். நாற்றங்காலுக்குத் தண்ணீர் போதும், நடவு என்று வந்தால் போதாது. இதயத்துக்குப் போகிற குழாய் சுருங்கியிருந்தால் அதே கதைதான். உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் போதும். ஏறும்போது போதாமல் நெஞ்சு இறுகும். உனக்கு அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. விரலால் அழுத்தினால் அதே இடத்தில் வலிப்பது, புரண்டு படுத்தால் பிடிப்பது பெரும்பாலும் தசைவலி. சாப்பிட்டுப் படுத்தால் எரிவது பெரும்பாலும் அமிலம். ஆனாலும் எது என்று நீயும் நானும் முடிவு செய்யக் கூடாது. நான் ஒரு தடவை முடிவு செய்து பார்த்துவிட்டேன்.

நாளைக்கே டாக்டரைப் பார். உட்கார்ந்த நிலையில் எடுத்த ஈசிஜி நார்மல் என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதே. வலி இல்லாத நேரத்தில் அது சரியாகவே இருக்கலாம். "மலை ஏறும்போது மட்டும் வருது" என்று சொல். எக்கோ, நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கிற டிரெட்மில் என்று எது தேவையோ அவர்கள் பார்ப்பார்கள். விட்டு விட்டுப் போடுகிற பி.பி. மாத்திரையையும் மறைக்காமல் சொல்லிவிடு. அதுவரை பழமுதிர்சோலை வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அதற்குள் சும்மா இருக்கும்போதே பிடித்தாலோ, நின்றும் சில நிமிஷத்தில் விடாவிட்டாலோ, வியர்வை, மூச்சிரைப்பு, மயக்கம் சேர்ந்து வந்தாலோ, 108-தான். ராத்திரி இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று இருக்காதே. மகனோடு பைக்கில் கிளம்பாதே. வழியில் இதயத்துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கிற கருவி பைக்கில் கிடையாது, ஆம்புலன்சில்தான் இருக்க வாய்ப்பு. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் மாத்திரை போடலாமா என்று 108-இல் பேசுகிறவர்களிடமே கேள். அலர்ஜி, குடல்புண், ரத்தக்கசிவு இருந்தால் அது ஆகாது. தொடர்ந்து இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் நீ அனுப்பினாயே, அது உண்மையில்லை. யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களுக்குச் சொல்லிவிடு. ஆஸ்பத்திரியில் முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், இதயத்தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டுகிற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். அவர்கள் போகச் சொல்லும்வரை இரு.

இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடமும் படித்துக் காட்டு. நாளைக் காலை எட்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில் இருப்பேன். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வா. பார்த்து முடித்ததும் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போவோம். உன்னைப் பார்த்து நாளாகிவிட்டது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்