ஃபிளாஷ்பேக் எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தமிழ்ப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். 40 வருடமாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

நம் படங்களில் ஃபிளாஷ்பேக் வந்தால் மழை பெய்யும், வயலின் அழும். கல்லூரி வாசலில் அவளை நாள் தவறாமல் பின்தொடர்ந்தவன், வயதானபின் அதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வான். அவனுக்கு ஞாபகம் இருப்பதுதான் நடந்தது என்று நாமும் நம்பிவிடுவோம். அவளுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்க இடைவேளைக்கு முன்னும் நேரமிருக்காது, பின்னும் இருக்காது.

ரித்தேஷ் பத்ரா எடுத்து 2017ல் வந்த 'தி சென்ஸ் ஆஃப் ஆன் எண்டிங்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். 'தி லஞ்ச்பாக்ஸ்' எடுத்தவர். கதை, ஜூலியன் பார்ன்ஸுக்கு 2011ல் புக்கர் பரிசு வாங்கித் தந்த நாவல். லண்டனில் பழைய கேமராக்கள் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார் டோனி. மனைவியோடு விவாகரத்தாகிவிட்டது. இளமைக் காதலி வெரோனிகா தன் நண்பனிடம் போனபோது பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டோம் என்றே அவருக்கு ஞாபகம். பல வருடம் கழித்து, அன்றைக்கு அவர் எழுதிய கடிதம் அவர் கைக்கே திரும்பி வருகிறது. பிரித்தால், வயிற்றெரிச்சலில் எழுதிய சாபம். அதில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி யார் யாரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

டோனி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மெய்யாகவே மறந்திருக்கிறார். அங்கேதான் எனக்கு உறைத்தது.

நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். 1988, கல்லூரி மூன்றாம் வருடம். வகுப்புப் பெண் ஒருத்தி என் நண்பனிடம் 'இஷ்டமில்லை' என்று சொல்லிவிட்டாள். நாலு பேர் விடுதி அறையில் உட்கார்ந்து அவள் அப்பாவுக்கு மொட்டைக் கடுதாசி போட்டோம். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறார்களாம் என்றார்கள். பரீட்சைக்கும் வரவில்லை. போன வருடம் பழைய மாணவர் சந்திப்பில் ஒருவன் இதைக் காமெடியாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998லேயே தனிச் சட்டம் வந்தது. 2013ல் பின்தொடர்வதும் தண்டனைச் சட்டத்தில் குற்றமானது. அதற்கு அப்புறமும் நம் நாயகர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சரி, அதை விடுங்கள், தணிக்கை வாரியம் மாதிரி பேச எனக்கு ஆசையில்லை. தப்பு செய்கிறவனைத் தாராளமாகக் காட்டுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு படம். நாயகனுக்கு அறுபது வயது இருக்கட்டும், தலைக்கு டை வேண்டாம். ஃபிளாஷ்பேக் முதலில் அவன் சொல்கிறபடியே வரட்டும், மழை வயலின் எல்லாவற்றோடும். அப்புறம் அதே காட்சி, அவள் சொல்கிறபடி. தயவுசெய்து கடைசியில் மன்னிப்பு சீன் வைக்காதீர்கள். அவன் கண் கலங்கினதும் அவள் உருகிவிட்டால், லேசான மனசோடு வீட்டுக்குப் போகிறவன் என்னைப் போன்றவன்தான். கடுதாசியை அவள் இத்தனை வருடம் வைத்திருக்கட்டும். அதை அவன் முன்னால் போட்டு வாசிக்கச் சொல்லட்டும். சத்தமாக.

இப்படிக்கு,
இடது கையால் எழுதியவன்